இரண்டு நாள் வேலை, அரை நாள் ஊர்: வந்துபோகிறவர்களுக்காகக் கட்டிய லைப்சிக்

வேலை நிமித்தம் ஐரோப்பா போய்த் திரும்புகிறவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "கண்காட்சி, மீட்டிங், ஓட்டல், ஏர்போர்ட். ஊரைப் பார்க்கவே நேரம் இல்லை." சொல்லும்போது குரலில் கொஞ்சம் குற்ற உணர்வும் இருக்கும். அத்தனை பழைய ஊருக்குப் போய் அதைக் கண்டுகொள்ளாமல் வந்துவிட்டோமே என்ற வருத்தம். பழைய ஊர்கள் எல்லாம் விடுமுறை எடுத்து வருகிறவர்களுக்கு உரியவை, வேலைக்கு வந்தவன் ஓரமாக எட்டிப் பார்க்கலாம் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது.

ஜெர்மனியின் கிழக்கில், சாக்சனி மாநிலத்தில் இருக்கும் லைப்சிக் நகரத்தைப் பொறுத்தவரை இந்த நினைப்பு அப்படியே தலைகீழ். அந்த ஊர் வளர்ந்ததே சில வாரம் தங்கி, கொள்முதலையும் விற்பனையையும் முடித்து, மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களால்தான். அதன் முற்றங்கள், சந்துகள், நகர மண்டபம், காபிக் கடைகள், இசை அரங்கு என்று எதைத் தொட்டாலும் அடியில் வெளியூர் வியாபாரி நிற்கிறான். ஆகவே கழுத்தில் கண்காட்சி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தத் தெருக்களில் நடக்கிறவர், அந்த ஊர் எண்ணூறு ஆண்டுகளாக எதிர்பார்த்திருக்கும் ஆள். இது தெரிந்துவிட்டால் கையிலிருக்கும் அரை நாளே நிறைய காட்டும். தெரியாவிட்டால் ஒரு வாரம் இருந்தாலும் அழகான கட்டடங்கள் மட்டுமே தெரியும்.

லைப்சிக்கிற்குக் கடல் கிடையாது. கப்பல் போகும் ஆறு கிடையாது. அரசவை இருந்தது டிரெஸ்டனில். அதற்கு வாய்த்ததெல்லாம் இரண்டு நெடுஞ்சாலைகள். ரைன் நதிப் பக்கத்திலிருந்து கிழக்கே போலந்து நோக்கிப் போகும் வியா ரெஜியாவும், பால்டிக் கடற்கரைப் பக்கமிருந்து தெற்கே நூரம்பர்க் வழியாக இத்தாலி நோக்கி இறங்கும் வியா இம்பேரியும் அங்கே வெட்டிக்கொண்டன. 1165 வாக்கில் மைசன் பகுதியை ஆண்ட ஓட்டோ அந்தச் சந்திப்புக்கு நகர உரிமையும் சந்தை உரிமையும் கொடுத்தார். ஜெர்மன் மொழியில் வர்த்தகக் கண்காட்சிக்கு 'மெஸ்ஸே' என்று பெயர். தேவாலயப் பூசையைக் குறிக்கும் சொல்லும் அதுதான். பெரிய திருநாளில் பூசைக்குக் கூட்டம் கூடும், கூட்டம் இருக்கும் இடத்தில் கடை விரியும். தேரோட்டத்தைச் சுற்றி முளைக்கும் கடைத்தெருவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் இரண்டு சாலைகள் வெட்டிக்கொண்ட ஊர்கள் ஐரோப்பாவில் ஏராளம். லைப்சிக்கை வேறுபடுத்தியது ஒரு வாக்குறுதி. 1268-ல் லாண்ட்ஸ்பெர்க்கின் டீட்ரிஷ் என்ற பிரபு, இங்கே வியாபாரம் செய்ய வரும் எல்லா வணிகர்களுக்கும் பாதுகாப்பு தருவதாக எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு வரி அந்தக் காலத்துக்கு அசாதாரணமானது: அந்த வணிகர்களின் சொந்த நாட்டு ஆட்சியாளரோடு தனக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தாலும், இங்கு வந்திருக்கும் வணிகரின் உடலுக்கும் சரக்குக்கும் பங்கம் வராது. வழிப்பறியும் சிற்றரசர்களின் பகையும் சர்வசாதாரணமாக இருந்த சாலைகளில் ஒரு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்க முடியும்? பிராங்க்பர்ட்டுக்கும் இப்படி ஒரு கடிதம் உண்டு. 1240-ல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், அங்கே சந்தைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் பேரரசின் பாதுகாப்பில் இருப்பதாக அறிவித்தார். இரண்டு ஊர்களும் பின்னாளில் பெரும் சந்தை நகரங்களானது தற்செயல் இல்லை.

சென்னையில் விசா மையத்தில் கோப்போடு உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கடிதங்கள் என் நினைவுக்கு வரும். கண்காட்சி நடத்துகிறவர் அனுப்பிய அழைப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற ஷெங்கன் விதி. பழைய வணிகனும் இதையேதான் சுமந்தான். எந்தச் சாலையில் வருகிறான், யார் காவலில் வருகிறான், எப்போது போய்விடுவான் என்பதற்கான தாள், அதற்கான கட்டணம். வரவேற்பும் காலக்கெடுவும் ஒரே தாளில் எழுதப்படுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது. அந்தக் காலக்கெடுவின் கொடூரமான முகம் ஒன்று இந்த ஊரில் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

1497-ல் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் லைப்சிக்கின் சந்தைகளைப் பேரரசுச் சந்தைகளாக உயர்த்தினார். புத்தாண்டு, ஈஸ்டர், செப்டம்பர் இறுதியில் மிக்கேல் திருநாள் என்று ஆண்டுக்கு மூன்று. 1507-ல் இன்னொரு சலுகையும் வந்தது. சுற்று வட்டாரத்தில் 15 ஜெர்மன் மைல் தூரத்துக்குள், அதாவது நம் கணக்கில் 100 கிலோமீட்டருக்கும் மேல், போட்டிச் சந்தை எதுவும் நடக்கக்கூடாது. இதற்குப் பிறகு ஊர் தன் ஆண்டையே சந்தையை வைத்து எண்ணத் தொடங்கியது.

சதுக்கத்தில் நிற்கும் பழைய நகர மண்டபமே சாட்சி. ஹியரோனிமுஸ் லோட்டர், வணிகராக வந்து மேயரான மனிதர், 1556-ல் இதைக் கட்டத் தொடங்கினார். இரண்டு சந்தைகளுக்கு இடைப்பட்ட காலத்தில், ஒன்பதே மாதத்தில் கட்டடம் எழுந்தது. வியாபாரிகள் வரும்போது சதுக்கம் காலியாக இருந்தாக வேண்டுமே. நீண்ட முகப்பு, அதில் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளி நிற்கும் கோபுரம், கீழே கடைகளுக்கான வளைவுகள். அவசரத்தில் பிறந்த கட்டடம் இத்தனை அமைதியாக நிற்கிறதே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஆனால் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் சொல்வது நகர மண்டபத்தை இல்லை. சதுக்கத்தின் மூலையில், ஹைன்ஸ்ட்ராஸ தெரு தொடங்கும் இடத்தில் உள்ள பார்டெல்ஸ் ஹோஃப் என்ற முற்ற வீட்டை. 1747-க்கும் 1750-க்கும் இடையில் பார்டெல் என்ற வணிகருக்காக எழுந்தது. இத்தகைய வணிக முற்றங்கள் ஒரு காலத்தில் ஊர் முழுக்க இருந்தன, பழைய உருவத்தோடு தப்பியது இது.

தெருவிலிருந்து வளைவு வாசலுக்குள் நுழைந்தால் நீளமான, ஒடுங்கிய முற்றம். இரண்டு பக்கமும் நான்கைந்து மாடிகள். முற்றத்தின் அகலத்தைக் காலால் அளந்து பாருங்கள். குதிரைகள் பூட்டிய பார வண்டி ஒன்று உள்ளே வரலாம், ஆனால் திரும்ப முடியாது. திருப்பவே வேண்டியதில்லை, ஏனென்றால் எதிர் முனையில் இன்னொரு வாசல் இருக்கிறது. சதுக்கத்துப் பக்கம் நுழைந்து, சரக்கை இறக்கி, பின்பக்கச் சந்து வழியாக வண்டி வெளியேறிவிடும். அடுத்த வண்டி பின்னாலேயே வரும். தரைத்தளத்தில் கமான் வைத்த அறைகள், சந்தைக் காலத்தில் வெளியூர் வணிகர்களுக்கு வாடகைக்கு விட்ட கடைகள். நடு மாடிகளில் தங்கும் அறைகள். இப்போது தலையைத் தூக்கிப் பாருங்கள். கூரைச் சரிவிலிருந்து கட்டை உத்தரங்கள் முற்றத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். கப்பி மாட்டி, கயிறு விட்டு, பொதிகளைப் பரண்களுக்கு ஏற்றியது அவற்றில்தான். முற்றத்துப் பக்கச் சுவரில் 1523-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு மாட முகப்பு இருக்கிறது, பொன்னிறப் பாம்பு அடையாளத்தோடு. அதற்கு முந்தைய வீட்டின் மிச்சம், இங்கே கொண்டுவந்து பதித்திருக்கிறார்கள். கடை, கிடங்கு, விடுதி, போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரே வீட்டில் அடைத்த இந்த அமைப்பைப் பார்த்த பிறகு, இன்றைய கண்காட்சி அரங்கில் லாரிகள் ஒரு கதவில் வந்து மறு கதவில் போவது புதிய ஏற்பாடாகத் தெரியாது.

இப்படி முன் தெருவையும் பின் தெருவையும் இணைத்த முற்றங்களால் நகர மையம் சல்லடை போல ஆனது. இன்றைக்கும் லைப்சிக்வாசி மழை பெய்தால் தெருவில் நடக்க மாட்டார். கட்டடங்களுக்குள் புகுந்து புகுந்து ஊரின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போய்விடுவார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது இந்த ஊர் அழிந்திருக்க வேண்டும். மற்ற பல சந்தை ஊர்களுக்கு நடந்தது அதுதான். சந்தை என்பது சரக்கையே கொண்டுவந்து குவிக்கும் இடமாக இருந்தது. தோலைத் தடவி, துணியை இழுத்து, சாயத்தை முகர்ந்து வாங்குவார்கள். ரயில் எந்த ஊருக்கும் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றால் லைப்சிக்கிற்கு ஏன் வர வேண்டும்? ஊர் கண்ட வழி அந்தக் காலத்துத் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தது. இயந்திரம் செய்யும் ஆயிரமாவது கோப்பை முதல் கோப்பையைப் போலவே இருக்கிறது. அப்படியானால் ஒரே ஒரு கோப்பையைக் காட்டினால் போதும். ஆர்டரை எழுதிக்கொள்ளலாம், சரக்கு பின்னால் ரயிலில் போய்ச் சேரும். இதுதான் மாதிரிச் சந்தை. 1895 முதல் லைப்சிக் முறைப்படி அதற்கு மாறியது. இன்று உலகமெங்கும் நடக்கும் வர்த்தகக் கண்காட்சிக்கு, மேசையில் மாதிரியை வைத்து விசிட்டிங் கார்டு வாங்கும் நம் வேலைக்கு, மூலம் இங்கே இருக்கிறது. 1917-ல் எரிக் குருனர் வரைந்த சின்னம், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு 'எம்' எழுத்துகள், ஜெர்மன் மொழியில் மாதிரிச் சந்தை என்ற கூட்டுச் சொல்லின் முதலெழுத்துகள்தான். ஊரில் அது கண்ணில் படாமல் ஒரு நாள் கழியாது.

சரக்கு வராததால் கிடங்கு தேவைப்படவில்லை. காட்சி அறைகள் தேவைப்பட்டன. பழைய முற்றங்களை இடித்துவிட்டு மெஸ்ஸே மாளிகைகள் கட்டினார்கள். வந்தவர் எல்லாக் கடைகளையும் கடந்த பிறகே வெளியேறும்படி உள்நடையை அமைத்ததும் அப்போதுதான். இன்றைக்குப் பெரிய மரச்சாமான் கடையில் நம்மைச் சுற்றவிடும் அதே கணக்கு. பழைய குறுக்கு வழிகளை மட்டும் விட்டுவிடாமல், மேலே கண்ணாடிக் கூரை போட்டு நடைக்கூடங்களாக்கினார்கள். இவற்றில் புகழ்பெற்றது மேட்லர் பாசாஜ், 1912-லிருந்து 1914-க்குள் கட்டியது. கட்டியவர் அன்டோன் மேட்லர், பெட்டி செய்யும் தொழிலதிபர். பயணப்பெட்டி விற்றுச் சேர்த்த பணத்தில் பயணிகளுக்கான கூடம்!

அதன் அடித்தளத்தில் இருக்கும் அவர்பாக்ஸ் கெல்லர் மதுக்கூடத்தில் 1525-லிருந்து வியாபாரிகளுக்கு ஒயின் ஊற்றியிருக்கிறார்கள். 1765-லிருந்து 1768 வரை லைப்சிக்கில் படித்த ஜெர்மன் கவிஞர் கெத்தே பின்னர் தன் ஃபாஸ்ட் நாடகத்தில் இந்த இடத்தை ஒரு காட்சியாக வைத்தார். வாசலில் நிற்கும் வெண்கலச் சிலைகளில் ஃபாஸ்டின் காலணி மட்டும் பளபளக்கும். தொட்டால் நல்லது நடக்கும் என்று வருகிறவர்கள் எல்லாரும் தடவித் தடவி அப்படி ஆகிவிட்டது.

1915-ல் முடிந்த தலைமை ரயில் நிலையத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். 26 நடைமேடைகள், கிட்டத்தட்ட 300 மீட்டர் முகப்பு, ஒரே மாதிரி இரண்டு நுழைவு மண்டபங்கள். பிரஷ்ய ரயில்வேக்கு ஒன்று, சாக்சனி ரயில்வேக்கு ஒன்று. அந்த ஊரின் மக்கள்தொகைக்கு மட்டும் அவ்வளவு பெரிய நிலையத்தை யாரும் கட்ட மாட்டார்கள். அது சந்தை நாட்களின் கூட்டத்தையும் தாங்க வேண்டியிருந்தது.

இசையும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. யோஹான் செபாஸ்டியன் பாக் 1723-லிருந்து 1750-ல் இறக்கும் வரை தாமஸ் தேவாலயத்தின் இசைத் தலைவராக இங்கே இருந்தார். சிம்மர்மன் என்பவரின் காபிக் கடையில் அவர் நடத்திய இசைக்குழு வழக்கமாக வாரம் ஒரு நாள் வாசிக்கும். சந்தைக் காலம் வந்தால் வாரம் இரண்டு நாள். 1743-ல் வணிகர்கள் முன்னின்று ஒரு கச்சேரி அமைப்பைத் தொடங்கினார்கள். 1781-ல் அது துணி வியாபாரிகளின் கூடத்தில் அமைத்த அரங்கிற்குப் போனது. துணிக்கூடம் என்பதற்கான ஜெர்மன் சொல்தான் கெவாண்ட்ஹவுஸ். உலகின் பெரிய இசைக்குழுக்களில் ஒன்றின் பெயர் இன்றும் ஒரு ஜவுளிக் கடையின் பெயர். சிம்மர்மனின் கடை இருந்த வீடு 1943 டிசம்பர் குண்டுவீச்சில் போய்விட்டது. ஆனால் தாமஸ் தேவாலயத்தில் பெரும்பாலான வாரங்களில் வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி பிற்பகல் 3 மணிக்கும் சிறுவர் குழு பாடுகிறது. 1212-லிருந்து தொடரும் குழு. கண்காட்சி வெள்ளியன்று முடிகிறது என்றால் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே அங்கே போய்விடுங்கள். வேறு எதைத் தவறவிட்டாலும் பரவாயில்லை.

இனி அந்தக் கொடூரமான முகம். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து நெடுங்காலம் சாக்சனியில் யூதர்கள் நிலையாக வாழ அனுமதி இல்லை. ஆனால் சந்தைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். கிழக்கிலிருந்து, முக்கியமாக இன்று உக்ரைனில் இருக்கும் பிரோடி நகரத்திலிருந்து, மென்மயிர்த் தோலும் துணியும் கொண்டு வந்தார்கள். சரக்குக்கு வரி கட்டியது போக, சரக்கைப் போலவே தங்கள் உடலுக்கும் ஒரு வரி கட்டி நகருக்குள் வந்தார்கள். சந்தை முடிந்ததும் வெளியேறினார்கள். வியாபாரம் வேண்டும், ஆள் வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இந்தத் தடைகள் மெல்லத் தளர்ந்தன. குடியேறியவர்கள் புருல் என்ற தெருவை உலகத் தோல் வியாபாரத்தின் தலைமையிடங்களில் ஒன்றாக்கினார்கள். 1920-களில் சுமார் 13,000 யூதர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

1938 நவம்பரில் கோட்ஷெட்ஸ்ட்ராஸ தெருவின் பெரிய யூத ஜெபக்கூடத்தை நாஜிகள் எரித்தார்கள். பிரோடியிலிருந்து வந்தவர்களின் பெயரைத் தாங்கிய இன்னொரு ஜெபக்கூடத்தை எரிக்கவில்லை. குடியிருப்பு வீட்டோடு ஒட்டியிருந்ததால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தீ பரவும் என்ற ஒரே காரணம். எரிந்த கூடம் இருந்த இடத்தில் 2001 முதல் 140 வெண்கல நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றிலும் யாரும் இல்லை. தாமஸ் தேவாலயத்திலிருந்து சில நிமிட நடைதான். பட்டியல் போட்டுச் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை. நானும் முதல் முறை போகவில்லை. இரண்டாம் முறை போனபோது பிப்ரவரி, நாற்காலிகளின் மேல் பனி படிந்திருந்தது. விசாத் தாளில் 'இத்தனை நாள்' என்று எழுதியிருப்பதன் கனம் அங்கே நின்றபோது எனக்கு வேறு மாதிரி இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் லைப்சிக் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. நாடே மூடிக்கொண்டது, ஆனால் வசந்தத்தில் ஒன்றும் இலையுதிர் காலத்தில் ஒன்றுமாகச் சந்தை தொடர்ந்தது. அந்நியச் செலாவணி வர வேறு வாசல் அதிகம் இல்லை. ஓட்டல்கள் போதாததால் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் அறைகளை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டன. குழந்தைகள் சமையலறையில் படுத்துக்கொள்ள, மேற்கிலிருந்து வந்த வியாபாரி அவர்கள் கட்டிலில் தூங்குவார். அவருக்கு 'மெஸ்ஸே மாமா' என்று பெயர், வீட்டு அம்மாளுக்கு 'மெஸ்ஸே அம்மா'. ஜெர்மன் மொழியில் இருந்த சொற்களே இவை, தமிழுக்காக நான் உறவுமுறை சேர்க்கவில்லை. வருடா வருடம் ஒரே வீட்டுக்கு வரும் மாமாக்கள் உண்டு, பெட்டியில் காபித் தூளோடும் சாக்லேட்டோடும். மூடிய நாட்டில் ஒரு குடும்பத்துக்கு வெளியுலகம் என்பது அந்த ஒரு மனிதர்தான்.

1989-ல் இந்தச் சந்தை சரித்திரத்தையே திருப்பியது. நிக்கோலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைகளில் சமாதானப் பிரார்த்தனை நடந்துவந்தது. கோடை இடைவேளைக்குப் பின் செப்டம்பர் 4, திங்கட்கிழமை மீண்டும் கூடினார்கள். அது இலையுதிர் காலச் சந்தை நேரம். மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சிக்காரர்கள் சந்தைச் செய்தி எடுக்கும் அனுமதியோடு ஊரில் இருந்தார்கள். தேவாலய வாசலில் இளம் பெண்கள் ஒரு துணிப் பதாகையை விரித்தார்கள்: 'சுதந்திர மனிதர்கள் வாழும் திறந்த நாடு வேண்டும்.' சில நொடிகளில் ரகசியக் காவல் துறையினர் பாய்ந்து பதாகையைப் பிடுங்கினார்கள், கேமராக்களுக்கு முன்னாலேயே. அன்று மாலை மேற்கத்திய ஒளிபரப்பில் வந்த அந்தக் காட்சியைக் கிழக்கு ஜெர்மனி முழுவதும் வீடுகளில் பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 9-ல், சுமார் 70,000 பேர் நகரைச் சுற்றிய வளையச் சாலையில் மெழுகுவத்தியோடு நடந்தபோது சந்தை இல்லை, வெளிநாட்டு நிருபர்களுக்கு அனுமதியும் இல்லை. பெர்லினிலிருந்து வந்த இரண்டு பேர் ஒரு தேவாலயக் கோபுரத்தில் ஏறி ஒளிந்து படம் பிடித்து, அந்த நாடாவை மேற்கிற்குக் கடத்தினார்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து பெர்லின் சுவர் திறந்தது. சந்தைக்கு வந்தவர்களின் கண்கள் அந்த முதல் திங்களன்று அங்கே இருந்திருக்காவிட்டால் இதெல்லாம் இந்த வேகத்தில் நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இத்தனையும் இருந்தும் இன்று வேலைக்கு வருகிறவர் ஊரைப் பார்க்காமல் போவது ஏன்? அவருடைய சோம்பல் காரணம் இல்லை. இயந்திரங்கள் மாளிகை அறைகளுக்குள் நுழையாததால் 1920-லேயே தொழில்நுட்பச் சந்தை நகருக்குத் தென்கிழக்கே வெளியே போனது. 1996-ல் மொத்தக் கண்காட்சியும் வடக்கே புதிய வளாகத்துக்கு மாறியது. 240 மீட்டர் அளவுக்கு நீளமான கண்ணாடி மண்டபம், நெடுஞ்சாலையும் விமான நிலையமும் பக்கத்தில். சரக்குக்கு அது சரியான இடம்தான். ஆனால் வண்டி முற்றத்துக்குள்ளேயே வந்த ஊரில், வணிகனையும் ஊரையும் முழுதாகப் பிரித்தது அதுதான். வளாகத்துக்கு எதிரிலேயே ஓட்டல் எடுத்தால் நகரம் கண்ணில் படவே படாது. அதனால் அறையை நகர மையத்தில் எடுங்கள். 16-ஆம் எண் டிராம் வளாகத்துக்கும் தலைமை ரயில் நிலையத்துக்கும் இடையில் ஓடுகிறது. பழைய நகரம் வளையச் சாலைக்குள் அடங்கிவிடும், குறுக்கே நடக்கக் கால் மணி நேரம். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பே உண்டு. ரயில் நிலையத்தில் பயணிக்கு வேண்டியவை கிடைக்கும். பேக்கரியில் லைப்சிகர் லெர்ஹ, அதாவது லைப்சிக் வானம்பாடி என்ற சின்ன பாதாம் பண்டத்தைக் கேளுங்கள். ஒரு காலத்தில் நிஜ வானம்பாடிகளைத்தான் பிடித்துத் தின்றார்கள். 1876-ல் அந்த வேட்டைக்குத் தடை வந்ததும் பேக்கரிக்காரர்கள் மாவிலும் பாதாமிலும் பறவையைச் செய்தார்கள்.

வேலையோடு வந்தவனைச் சுற்றிக் கட்டிய ஊர் லைப்சிக் மட்டும் இல்லை. வெனிஸில் ரியால்டோ பாலத்தின் பக்கத்தில் ஜெர்மன் வணிகர்கள் தங்கவும் சரக்கு வைக்கவும் என்றே ஒரு பெரிய கட்டடம் உண்டு. அவர்கள் வேறெங்கும் தங்கக்கூடாது என்பது அந்தக் குடியரசின் விதி. இன்று அதே வெனிஸில் பழைய நகரத்தில் வாழ்கிறவர்கள் 50,000-க்கும் குறைவு. காலையில் வந்து மாலையில் போகும் கூட்டத்துக்கு 2024 ஏப்ரல் முதல் குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் விதித்திருக்கிறார்கள். வேலைக்காக வருகிறவர்களுக்கு விலக்கு. அந்த விலக்கில் பழைய வெனிஸின் நினைவு கொஞ்சம் மிச்சமிருப்பதாக எனக்குப் படுகிறது.

லைப்சிக்கில் அரை நாளுக்குப் பதில் முழு நாள் கிடைத்தால், தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து ஊரான ஹாலே வரை போய்வர வேண்டும். உள்ளூர் ரயிலில் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். சந்தையோடு வளர்ந்த லைப்சிக்கின் புத்தகத் தொழிலுக்குத் தமிழோடும் உறவு உண்டு. ஜெர்மன் மிஷனரி கார்ல் கிரவுல் மொழிபெயர்த்த திருக்குறள் 1856-ல் அங்கேதான் ஜெர்மன் மொழியில் வெளியானது. ஹாலேயின் உறவு அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு, ஹாலேயில் பிராங்கே என்ற போதகர் தொடங்கிய கல்வி, அறப்பணி நிறுவனத்தோடு தொடர்புடையவர். தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகளை அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் இன்றும் வைத்திருக்கிறது. தமிழில் அச்சிட எழுத்துகள் வேண்டும் என்று சீகன்பால்கு எழுத்துகளின் மாதிரியை வரைந்து அனுப்பினார். மாதிரி சந்தைக்கு வருவதற்கு 180 ஆண்டுகளுக்கு முன்பே, தரங்கம்பாடியிலிருந்து ஒரு மாதிரி இந்தப் பக்கம் வந்துவிட்டது. தமிழ் தெரியாத கைகள் அதைப் பார்த்து அச்செழுத்து வெட்டி வார்த்துக் கப்பலேற்றின. எழுத்து சரியாக இருந்தது, அளவுதான் மிகப் பெரிதாகிவிட்டது. காகிதமோ கொஞ்சம்தான். ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை மறுபடி வார்த்துத்தான் 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்.